சிவப்புக்கு எந்தச் சாம்பல்?

செம்பருத்திப் பூ ஒன்றை அதன் இலைகளோடு சேர்த்துப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள், கைபேசி போதும். படத்தைக் கணினிக்கு மாற்றி, கிம்ப் மென்பொருளில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் இதழில் ஓரிடத்தையும் இலையில் ஓரிடத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வரும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. செடிக்குச் செடி, வெளிச்சத்துக்கு வெளிச்சம் இவை மாறும். கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக இதழுக்கு 200, 30, 40 என்றும் இலைக்கு 60, 110, 50 என்றும் வைத்துக்கொள்வோம். நல்ல சிவப்பு, நல்ல இலைப்பச்சை. பத்தடி தள்ளி நின்று பார்த்தாலும் பூ எது, இலை எது என்று யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது நிறத்தை எடுத்துவிடலாம். ‘கலர்ஸ்’ மெனுவுக்குள் ‘டீசாச்சுரேட்’, அதற்குள் மறுபடியும் ஒரு ‘டீசாச்சுரேட்’. திறக்கும் சிறு பெட்டியில் ஐந்து வழிகள் இருக்கும்: லூமினன்ஸ், லூமா, லைட்னஸ், ஆவரேஜ், வேல்யூ. பலரும் முதலில் இருப்பதை அப்படியே விட்டு ஓகே அழுத்திவிடுகிறார்கள். அவசரப்படாமல் ஐந்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ‘வேல்யூ’ மூன்று எண்களில் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்: இதழ் 200, இலை 110. ‘லைட்னஸ்’ பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கும்: 115, 80. ‘ஆவரேஜ்’ மூன்றின் சராசரி: 90, 73. இந்த மூன்றிலும் இலையைவிடப் பூதான் வெளிச்சம். ‘லூமா’வுக்கு வந்தால் எல்லாம் தலைகீழ்: இதழ் 68, இலை 95. பூ இருண்டு, இலை எழுந்து நிற்கும். மிஞ்சியிருப்பது ‘லூமினன்ஸ்’: இதழ் 104, இலை 99. 256 படிகளில் ஐந்தே படி வித்தியாசம். பூ இலைக்குள்ளேயே கரைந்து காணாமல் போய்விடும்.

இந்த ஐந்தில் இயற்பியல்படி மிகச் சரியானது எது என்று கேட்டால், பூவைக் காணாமல் அடித்த அந்த ‘லூமினன்ஸ்’தான். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரு முரணைச் சுற்றித்தான். கறுப்பு-வெள்ளை என்பது நிறம் கழிந்த பிறகு தானாக மிஞ்சும் ஒன்று என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி எதுவும் மிஞ்சுவதில்லை. எந்த நிறம் எந்தச் சாம்பல் ஆக வேண்டும் என்று யாரோ முடிவு செய்கிறார்கள். நீங்கள் செய்யாவிட்டால் மென்பொருளை எழுதியவர் செய்திருப்பார்.

அந்தச் சரியான கணக்கு எங்கிருந்து வந்தது? நம் விழித்திரையிலிருந்து. பகல் பார்வைக்கு மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. ஒருவகை 420 நானோமீட்டர் அளவிலான நீல-ஊதா ஒளிக்கும், அடுத்தது 530ஐ ஒட்டிய பச்சைக்கும், மூன்றாவது 560ஐ ஒட்டிய மஞ்சள்-பச்சைக்கும் அதிகமாகத் தூண்டப்படும். பின்னிரண்டும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. வெளிச்சம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் இவை இரண்டும் சேர்ந்துதான் சொல்கின்றன. அதனால்தான் ஒரே அளவு ஆற்றலுள்ள ஒளிகளில் 555 நானோமீட்டரைச் சுற்றிய பச்சை நமக்கு மிக வெளிச்சமாகத் தெரிகிறது. ஒளியூட்டலுக்கான சர்வதேச ஆணையம் இந்த உணர்திறனை ஒரு வளைகோடாக 1924இல் வகுத்துக் கொடுத்தது. இன்று திரைகளில் புழங்கும் எஸ்ஆர்ஜிபி நிறங்களுக்கு அதைப் பொருத்தினால் சிவப்புக்கு ஏறத்தாழ 21 சதவீதம், பச்சைக்கு 72, நீலத்துக்கு 7 என்று வருகிறது. கிம்ப் தன் உள் கணக்குக்கு ஏற்ப இதைச் சற்றே திருத்தி 22, 72, 6 என்று வைத்திருக்கிறது.

‘லூமா’வும் ‘லூமினன்ஸு’ம் ஒரே எடைகளைத்தான் பயன்படுத்துகின்றன. பிறகு ஏன் இதழுக்கு ஒன்று 68 என்றும் மற்றொன்று 104 என்றும் சொல்கிறது? கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை என்பதே காரணம். வெள்ளைக்கு 255 என்றால் அதில் பாதி ஒளிக்கு 128 இல்லை, 188. நம் கண் இருட்டுப் பகுதியில் நுணுக்கமான வித்தியாசங்களைக் கூடக் காணும், பிரகாசத்தில் அவ்வளவு காணாது. ஆகவே இருட்டுக்கு அதிகப் படிகளை ஒதுக்கி எண்களை வளைத்துச் சேமிக்கிறார்கள். ‘லூமா’ அந்த வளைந்த எண்களை அப்படியே கூட்டுகிறது. ‘லூமினன்ஸ்’ வளைவை நிமிர்த்தி, உண்மையான ஒளி அளவுகளைக் கூட்டி, மறுபடியும் வளைத்துத் தருகிறது. அடர்ந்த சிவப்பிலும் அடர்ந்த நீலத்திலும்தான் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். சாம்பலை ஒட்டிய மங்கல் நிறங்களில் இரண்டும் ஒன்றே.

ஆக, கண்ணுக்கு இதழும் இலையும் உண்மையிலேயே ஏறத்தாழ ஒரே வெளிச்சம். அவற்றைப் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டும்தான். ஓவியர்கள் இதை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். குளோத் மோனே வரைந்த, ‘இம்ப்ரஷனிசம்’ என்ற பெயருக்கே காரணமான, சூரியோதய ஓவியத்தில் ஆரஞ்சுச் சூரியன் சாம்பல்-நீல மூட்டத்துக்கு நடுவே தகதகவென்று துடிக்கிறது. அதே ஓவியத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றினால் சூரியன் கிட்டத்தட்ட மறைந்தே போகும். சூரியனும் சுற்றியுள்ள மேகமும் ஒரே ஒளிர்வு என்பதை ஹார்வர்டின் நரம்பியலாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் எடுத்துக்காட்டினார். இடத்தையும் அசைவையும் கவனிக்கும் மூளைப்பகுதி ஒளிர்வை மட்டுமே நம்புகிறது; அதற்கு அங்கே சூரியன் இல்லை. நிறத்தைக் கவனிக்கும் பகுதிக்கோ இருக்கிறது. அந்தத் துடிப்பு இந்த இழுபறியில் பிறக்கிறது என்பது அவருடைய விளக்கம்.

2005இல் ஏமி கூச்சும் அவருடன் சேர்ந்த மூவரும் இதே ஓவியத்தை எடுத்துக்கொண்டு, சூரியனைத் தொலைக்காமல் கறுப்பு-வெள்ளை ஆக்கும் ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே நிறத்தில் உள்ள வித்தியாசத்தையும் சாம்பலின் வித்தியாசமாக மாற்றிக் காட்டுவது அதன் அடிப்படை. கிம்ப்பில் ‘டீசாச்சுரேட்’ மெனுவிலேயே உள்ள ‘கலர் டு கிரே’ வேறொரு கணக்கில் இதே நோக்கத்துக்கு முயல்கிறது: ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் குத்துமதிப்பாகச் சில புள்ளிகளைப் பொறுக்கி, அந்த வட்டாரத்தில் எது கறுப்பு, எது வெள்ளை என்று தீர்மானிக்கும். செம்பருத்தி பிழைத்துக்கொள்ளும். ஆனால் வானம், சுவர் போன்ற சமதளப் பரப்புகளில் தூசு படிந்தது போன்ற மணல்தன்மையும், பொருள்களின் விளிம்பில் வெளிறிய வளையமும் வந்துவிடுவதுண்டு. அவசரத்துக்கு உதவும், நான் இதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். முடிவைக் கணக்கிடம் ஒப்படைப்பதைவிட நாமே எடுப்பது நல்லது. அதற்கு வழி காட்டுவது மென்பொருள் அல்ல, ஃபிலிமின் வரலாறு.

1858இல் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினியஸ் ட்ரைப் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுத்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை, கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 பிரிண்ட்களை ஒன்றோடொன்று ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். கல்வெட்டு அறிஞர்கள் காகிதத்திலேயே வாசிக்கட்டும் என்பதற்காகச் செய்த உழைப்பு அது. அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய தாள் நெகட்டிவ். அந்தக் காலத்து வெள்ளி உப்புகள் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே கண்டன. வெள்ளி உப்புப் படிகத்தில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்கக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. நீல ஒளித்துகளுக்கு அது உண்டு, சிவப்புக்கு இல்லை. எத்தனை ஆயிரம் சிவப்புத் துகள்கள் வந்து விழுந்தாலும் படிகம் அசையாது. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரியவிட்டு பிரிண்ட் போட முடிந்தது இதனால்தான்.

விளைவு என்ன? நீல வானம் அந்த உப்புகளுக்கு வெள்ளை. மேகமும் வெள்ளை. இரண்டும் ஒன்றாகிப் படத்தில் கோபுரத்துக்குப் பின்னால் வெற்றுத்தாள்தான் மிஞ்சும். ட்ரைப்புக்கு அந்த வெறுமை பிடிக்கவில்லை. தன் நெகட்டிவ்களின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். எடிட்டிங் கணினியோடு வந்த கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் ட்ரைப்பின் வானத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. வெள்ளி உப்பின் குருட்டுத்தனத்தால் விடுபட்டதைத் தூரிகையால் ஈடுகட்டினார்.

அந்தக் குருட்டுத்தனத்துக்கு மருந்து பெர்லினில் கிடைத்தது. 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சில சாயங்களைக் கலந்தால் வெள்ளி உப்பு பூசிய தகடு பச்சையையும் காண்கிறது என்று கண்டுபிடித்தார். சாயம் ஒளியை வாங்கி எலக்ட்ரானைப் படிகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பச்சைவரை பார்க்கும் அந்தத் தகடுகளும் சிவப்பைக் காணவில்லை. எல்லா நிறங்களையும் காணும் பான்குரோமாட்டிக் தகடுகளை 1906இல் இங்கிலாந்தின் குராய்டனில் இருந்த ராட்டன் அண்ட் வெய்ன்ரைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதே ராட்டனின் பெயர்தான் லென்ஸின் முன் மாட்டும் நிற ஃபில்டர்களுக்கும் நிலைத்தது. எல்லா நிறத்தையும் காணும் தகடு வந்த பிறகே ஃபில்டருக்குப் பொருள் வருகிறது. எதைக் காண வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அப்போதுதான் படம் எடுப்பவரின் கைக்கு வந்தது.

அந்த உரிமையை ஆன்சல் ஆடம்ஸ் உணர்ந்த நாள் 1927 ஏப்ரல் 10. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் என்ற செங்குத்துப் பாறை முகத்துக்கு எதிரே பனியில் ஏறி நின்றார். மிச்சமிருந்தவை இரண்டே தகடுகள். முதல் தகட்டை வழக்கமான மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த உடனே, பாறையின் கம்பீரம் இதில் வராது, வானம் வெளிறிவிடும் என்று தோன்றியது. கடைசித் தகட்டுக்கு 29ஆம் எண் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி வானத்தின் நீலத்தைத் தடுத்துவிட்டது. வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகி, பாறையும் பனியும் அதன் முன்னால் திரண்டு நின்றன. ‘மோனோலித்’ என்று உலகம் அறிந்த படம் அது. கண்ணால் பார்த்த வானத்தின் நகல் இல்லை. அங்கே நின்றபோது அவருக்குள் எழுந்த உணர்வுக்குப் பொருத்தமான வானம்.

டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்கள் மலையேறும்போது ஃபில்டரை எடுத்துப் போக வேண்டியதில்லை. கேமராவின் சென்சாருக்கு நிறமே தெரியாது. அதன் ஒவ்வொரு புள்ளியும் வெறும் ஒளி அளவைத்தான் எண்ணுகிறது. ஒவ்வொரு புள்ளியின் தலைக்கு மேலும் ஒரு குட்டி நிறக் கண்ணாடியை ஒட்டியிருக்கிறார்கள்: நான்குக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பச்சைக்கு இரண்டு பங்கு ஏன் என்பது மேலே சொன்ன கூம்பு செல்களிலிருந்தே விளங்கும். ஆகவே நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு வண்ணப்படமும், மூன்று ஃபில்டர்கள் வழியாக ஒரே நொடியில் எடுத்த மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்கள். கிம்ப்பில் ‘கலர்ஸ்’, ‘காம்போனன்ட்ஸ்’, ‘டீகம்போஸ்’ என்று போனால் மூன்றையும் தனித்தனிச் சாம்பல் லேயர்களாகப் பிரித்துக் கொடுக்கும். எந்தப் படத்தைக் கறுப்பு-வெள்ளை ஆக்குவதற்கு முன்பும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

வானத்தில் ஓரிடம் 90, 140, 200 என்றும் மேகம் 235, 235, 235 என்றும் இருக்கட்டும். நீல லேயரில் வானம் 200, மேகத்தோடு ஒட்டிக்கொள்ளும். இது ட்ரைப்பின் நெகட்டிவ். சிவப்பு லேயரில் வானம் 90. மேகம் அதே 235. இது ஆடம்ஸின் ஃபில்டர். 1858க்கும் 1927க்கும் இடையே இருந்த தூரம் உங்கள் திரையில் ஒரு சொடுக்கு. செம்பருத்தியும் அப்படியே: சிவப்பு லேயரில் இதழ் 200, இலை 60, பூ பளிச்சென்று எரியும், பச்சை லேயரில் இதழ் 30, இலை 110, பூ கறுத்து இலை நரம்புகள் தெளிவாகும், நீல லேயரில் 40க்கு 50, இரண்டும் இருட்டில் கிடக்கும்.

மூன்றையும் விரும்பிய விகிதத்தில் கலக்க ‘டீசாச்சுரேட்’ மெனுவில் ‘மோனோ மிக்சர்’ இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நகர்த்திகள். மூன்றின் கூட்டுத்தொகை 1 ஆக இருந்தால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும், நடுநிலையான சாம்பல் எதுவும் அசையாது. நிறமுள்ள இடங்கள் மட்டும் ஏறி இறங்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறையுங்கள், அல்லது ‘பிரிசர்வ் லூமினாசிட்டி’யை டிக் செய்து அந்த வேலையை மென்பொருளிடமே விடுங்கள். நீலத்துக்குக் கழித்தல் எண்ணும் கொடுக்கலாம்; வானம் மேலும் இறங்கிக் கறுக்கும். எந்தக் கண்ணாடி ஃபில்டராலும் செய்ய முடியாத வேலை இது. கண்ணாடி ஒளியைத் தடுக்கும், கழிக்காது. டார்க்டேபிள் மென்பொருளில் ‘கலர் கேலிப்ரேஷன்’ பகுதியின் ‘கிரே’ தாவலும், ராதெரபியில் ‘பிளாக் அண்ட் ஒயிட்’ பகுதியின் சேனல் மிக்சரும் இதே வேலையைச் செய்கின்றன.

இந்த நகர்த்திகள் அதிகம் பொறுப்பைக் கேட்பது மனித முகத்தில்தான். நம் தோல் எந்த நிறமாக இருந்தாலும் சிவப்பைத்தான் அதிகம் திருப்பி அனுப்புகிறது. மாநிறமான ஒரு கன்னத்தை 140, 90, 65 என்று கொள்ளுங்கள். சிவப்பு லேயரில் அது 140, லூமாவில் 100, நீலத்தில் 65. சிவப்பைக் காணாத பழைய தகடுகள் இத்தகைய முகங்களை உள்ளதைவிடக் கறுப்பாகப் பதிந்தன. உதடு கன்னங்கரேலென்று விழுந்தது, வெயில் பட்ட கன்னத்தின் திட்டுகளும் தழும்புகளும் துருத்திக்கொண்டு தெரிந்தன. அதை ஈடுகட்டத்தான் முகத்தில் அவ்வளவு பவுடர், நெகட்டிவில் அவ்வளவு பென்சில் டச்சப். பழைய குடும்பப் படங்களைப் பார்த்து “அந்தக் காலத்தில் எல்லோரும் ஏன் இவ்வளவு இறுக்கமாக, இருட்டாக இருக்கிறார்கள்?” என்று கேட்பவர்களுக்கு, அந்த இருட்டில் ஒரு பங்கு ரசாயனத்தினுடையது என்று சொல்ல வேண்டும்.

இன்று அதே தவறைச் செய்ய நமக்குக் காரணம் இல்லை. கறுத்த முகத்தைக் கறுப்பு-வெள்ளையில் வைக்கும்போது சிவப்பைச் சற்றுக் கூட்டுங்கள். தோலுக்குள் இருந்து வெளிச்சம் எழும், நிழல்கள் திறக்கும், நிறமும் பொய்யாகாது. ஆனால் சிவப்பை மட்டுமே வைத்துக்கொண்டால் உதடு முகத்தோடு கரைந்துவிடும், சுருக்கங்கள் மழுங்கி முகம் மெழுகாகும். வயதானவர்களின் முகத்தில் பச்சையைப் பாதிக்குக் குறையாமல் வைத்திருப்பது என் வழக்கம். அந்தச் சுருக்கங்களுக்காகத்தானே படம் எடுத்தோம்!

பழைய பிரிண்ட்களை மீட்பவர்களுக்கும் இந்த மூன்று லேயர்கள் பெரிய துணை. கறுப்பு-வெள்ளைப் படம்தானே என்று ஸ்கேனரைச் சாம்பலில் வைத்து ஸ்கேன் செய்வது பரவலான பழக்கம். வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். ஐம்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த பிரிண்ட்டின் கறை பெரும்பாலும் மஞ்சளோ பழுப்போதான். மஞ்சள் என்றால் நீலத்தை விழுங்குகிறது, சிவப்பை அப்படியே திருப்பிவிடுகிறது என்று பொருள். பிரித்துப் பார்த்தால் நீல லேயரில் கறை கரும்படலமாகக் கிடக்கும். சிவப்பு லேயரில் அநேகமாக இருக்கவே இருக்காது. படத்தின் வெள்ளியோ மூன்று லேயரிலும் ஒரே மாதிரி. சிவப்பு லேயரை மட்டும் வைத்துக்கொண்டால் மணிக்கணக்கில் கறை துடைக்கும் வேலை மிச்சம். யாரோ படத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தாலும் அதே லேயரில் மங்கிவிடும். நீல மைக்கு நீல லேயரைப் பார்க்க வேண்டும். எஞ்சும் கீறல்களுக்கு கிம்ப்பின் ‘ஹீல்’ கருவி போதும். மடிப்பு, கிழிசல் போன்ற பெரிய சேதத்துக்கு பிரான்ஸின் கான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் உருவான ஜி-மிக் என்ற இலவசச் செருகு நிரலில், விடுபட்ட இடத்தைச் சுற்றியுள்ளதைப் பார்த்து நிரப்பும் வசதி இருக்கிறது. முகத்தின் மேல் மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். இல்லாத கண்ணை அது இட்டுக்கட்டிவிடும்.

இந்த சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. சென்சாரின் ஒவ்வொரு லேயரிலும் கொஞ்சம் இரைச்சல், அதாவது வானத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள், இருக்கும். மூன்றையும் சமமாகக் கலந்தால் அவை ஒன்றையொன்று ஓரளவு ரத்துசெய்து 0.58 மடங்காகக் குறையும். சிவப்பு 1.5, நீலம் கழித்தல் 0.5 என்று வைத்தால் 1.58 மடங்காகப் பெருகும். கழித்தாலும் இரைச்சல் கழிவதில்லை, கூடவே செய்யும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு வித்தியாசம். ஜேபெக் கோப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை: இடத்தை மிச்சப்படுத்த ஜேபெக் நிற விவரத்தைப் பெரும்பாலும் பாதி நுணுக்கத்தில், எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டிச் சேமிக்கிறது. வண்ணப்படத்தில் கண் இதைக் கவனிக்காது. நீலத்தைப் பலமாகக் கழித்ததும் கறுத்த வானத்தில் அந்தக் கட்டங்கள் ஓடு பதித்தது போல் எழுந்துவிடும். ஆடம்ஸின் வானம் வேண்டுமென்றால், சென்சார் எண்ணியதை அப்படியே சேமிக்கும் ‘ரா’வில் கேமராவை வைத்து எடுங்கள். ராவில் ஒரு புள்ளிக்கு 14 பிட் என்றால் 16,384 படிகள், ஜேபெக்கில் 256.

சாம்பலுக்கு இந்தப் படிகளின் எண்ணிக்கை முக்கியம். வண்ணப்படத்தில் மூன்று எண்கள் சேர்ந்து ஒரு மங்கலைச் சமாளிக்கும். சாம்பலில் ஒற்றை எண்தான். வெளிறிப்போன ஒரு படத்தில் இருப்பதெல்லாம் 70க்கும் 190க்கும் இடையே என்றால் 121 படிகள். அதை ‘கர்வ்ஸ்’ கருவியால் 0 முதல் 255 வரை இழுத்தால் 121 படிகள் 256 இடங்களில் இடைவெளி விட்டு நிற்கும். ஹிஸ்டோகிராம் சீப்புப் பல்லாகும், மென்மையான வானம் பட்டை பட்டையாக உடையும். ‘இமேஜ்’ மெனுவில் ‘பிரிசிஷன்’ சென்று 16 பிட்டுக்கோ 32 பிட் மிதவைப் புள்ளிக்கோ மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கினால், அடுத்தடுத்துச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய உடைசல் சேராது. 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்ப்பில் இது உண்டு. 2025இல் வந்த 3.0இல் இன்னொரு வரம்: ஃபில்டர்களை லேயரின் மேல் அழிக்காமல் வைத்து, பிறகு திறந்து எண்களை மாற்றலாம்.

கிம்ப்பை ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் பெர்க்லியில் மாணவர்களாக இருந்தபோது 1995இல் எழுதத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை வளர்க்கிறார்கள். விலை இல்லை என்பதற்காக மட்டும் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. கைபேசியின் ‘மோனோ’ பொத்தானை அழுத்தினால் உங்கள் அம்மாவின் முகத்துக்கு எந்தச் சாம்பல் கிடைக்கிறது, ஏன் கிடைக்கிறது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். கட்டற்ற மென்பொருளில் 22, 72, 6 என்ற எண்கள் மூல நிரலில் எல்லோரும் வாசிக்கும்படி எழுதப்பட்டிருக்கின்றன. செம்பருத்திக் கணக்கை நீங்கள் தாளில் போட்டுச் சரிபார்க்க முடிந்தது அதனால்தான். மற்றொரு கட்டற்ற மென்பொருளான டார்க்டேபிளோ உங்கள் ரா கோப்பைத் தொடுவதே இல்லை. செய்த மாற்றங்களை மட்டும் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பாக எழுதி வைக்கிறது.

நிறங்களைச் சாம்பலாக்கி, கர்வ்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் நிறுத்திய பிறகும் படம் முடிவதில்லை. இருட்டறையில் பிரிண்ட் போடுபவர்கள் ஒரு கம்பியில் அட்டைத் துண்டைச் செருகி, விளக்குக்கும் தாளுக்கும் நடுவே ஆட்டிக்கொண்டே சில இடங்களுக்கு ஒளியைக் குறைப்பார்கள். வேறு சில இடங்களுக்குக் கூடுதலாக விடுவார்கள். கிம்ப்பில் ‘டாட்ஜ்’, ‘பர்ன்’ என்று அதே பெயரில் தூரிகைகள் இருக்கின்றன, ஆனால் அவை படத்தையே மாற்றிவிடும். அதைவிடப் பாதுகாப்பான வழி, மேலே ஒரு புது லேயர் போட்டு, நடுச்சாம்பலால் நிரப்பி, அதன் முறையை ‘சாஃப்ட் லைட்’ ஆக்குவது. நடுச்சாம்பல் கீழே உள்ள படத்தை ஒன்றும் செய்யாது. மென்மையான தூரிகையின் அடர்த்தியைப் பத்து சதவீதத்துக்குக் குறைத்து, வெள்ளையால் தடவினால் அந்த இடம் மெல்ல எழும், கறுப்பால் தடவினால் அடங்கும். கோபத்தில் அழுத்தமாகத் தடவிவிட்டால் நடுச்சாம்பலால் மறுபடி தடவிக்கொள்ளலாம். முகத்துக்குப் பின்னால் கண்ணைக் கவரும் வெள்ளைச் சுவரை நான்கைந்து தடவலில் அடக்கிவிட்டுப் பாருங்கள். முகம் ஓரடி முன்னால் வந்து நிற்கும்.

இதில் எது எல்லை என்பதற்கும் ஆடம்ஸையே பார்க்கலாம். நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில் விழ, மேலே நிலா எழும் படம் அவருடைய படங்களில் மிகப் புகழ்பெற்றது. வெயில் மறைவதற்குள் ஒளிமானியைத் தேடிக் கிடைக்காமல், நிலாவின் ஒளிர்வை மனக்கணக்கில் வைத்து எடுத்தார். எடுத்த தேதியை அவர் குறித்து வைக்கவில்லை. பிற்பாடு வானியல் ஆர்வலர்கள் படத்தில் நிலா நிற்கும் இடத்தைக் கொண்டு கணக்கிட்டு, 1941 நவம்பர் 1, மாலை 4:49 என்று கண்டுபிடித்தார்கள். எத்தனை எடிட்டிங் செய்தபோதும் நிலாவின் இடத்தில் அவர் கை வைக்கவில்லை. அதனால்தான் அந்தக் கணக்குப் பலித்தது. ஆனால் வானத்தில் கை வைத்துக்கொண்டே இருந்தார். ஆரம்பகால பிரிண்ட்களில் வானம் மங்கல், மெல்லிய மேகங்கள் தெரியும். 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் வலுவாக்கினார். அடுத்த பல பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். வானம் ஆண்டுக்கு ஆண்டு இருண்டு, பிற்காலத்தில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாயிற்று.

எனவே வேலை முடிந்ததும் எல்லா லேயர்களையும் தட்டையாக்கி ஒரு ஜேபெக்காக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வண்ண மூலம், சாம்பல் கலவை, கர்வ்ஸ், தூரிகை லேயர் எல்லாம் தனித்தனியாக இருக்கும்படி கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். நண்பர்களுக்கு அனுப்பவும் அச்சிடவும் அதிலிருந்து ஒரு நகலை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே படத்தைத் திறக்கும்போது உங்களுக்கு வேறொரு வானம் வேண்டியிருக்கும்.